எண்ணிக்கை நிறையும்வரை காத்திருப்பதா?

2024ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 85 பேர் மோட்டார்சைக்கிளை ஓட்டியவர்கள் அல்லது பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். அதற்கு முந்திய ஆண்டில் இந்த எண்ணிக்கை 68. ஒரே ஆண்டில் கால் பங்கு ஏறியிருக்கிறது. நம் நாட்டில் ஓடும் வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. சாலைச் சாவுகளில் அவற்றின் பங்கோ ஏறக்குறைய 60 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டுக்கு 1.19 மில்லியன் பேர் சாலைகளில் மாள்கிறார்கள். அவர்களில் இருசக்கர, முச்சக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள் 21 விழுக்காட்டினர். சாலைகளின் தரத்துக்குப் பெயர்பெற்ற நாடு இது. அந்தப் பெயரோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை.

இத்தகைய புள்ளிவிவரம் வெளிவரும் ஒவ்வொரு முறையும் பேச்சு வேகத்தைப் பற்றியே எழுகிறது. வேகத்துக்கான அபராதமும் குற்றப்புள்ளிகளும் 2026 ஜனவரி 1 முதல் கூட்டப்பட்டுவிட்டன. அது தேவையான நடவடிக்கைதான். விரைவுச்சாலையில் பறப்பவர்களை அது கொஞ்சமாவது தடுக்கும். ஆனால் வேகவரம்பை ஒரு கிலோமீட்டர்கூட மீறாமல் போகிறவரையும் கொல்லக்கூடிய இடங்கள் இந்தத் தீவில் இருக்கின்றன. எதிரே என்ன வருகிறது என்று கடைசி நொடிவரை காட்டாத வளைவுகள் அவை. சாங்கிப் பக்கம் அவை நிறைய உண்டு.

சாங்கியின் சாலைகள் இப்படி வளைந்து நெளிவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காக்க 1920களின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் இங்கே பாசறைகளையும் பீரங்கி மேடைகளையும் கட்டியது. குன்றின் போக்குக்கு ஏற்றபடி சாலை போட்டார்கள். போருக்குப் பிறகு இடம் அரச ஆகாயப் படையின் கைக்கு வந்தது. இங்கிலாந்திலுள்ள தங்கள் தளங்களின் பெயர்களையே அவர்கள் தெருக்களுக்குச் சூட்டினார்கள். நெதராவன் சாலை, கிரான்வெல் சாலை, ஹால்டன் சாலை, ஹெண்டன் சாலை எல்லாம் அப்படி வந்தவை. ராணுவ ஜீப்பும் அதிகாரியின் காரும் நிதானமாக ஊர்ந்துபோவதற்காக வகுத்த பாதைகள் அவை. இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளைபரப்பிக் குடை பிடிக்கும். நடந்து போகிறவருக்குச் சொர்க்கம். ஆனால் மழை பெய்து ஓய்ந்த அதிகாலையில், நனைந்த இலைச்சருகு படிந்த வளைவில் வண்டியைச் சாய்க்கிறவரின் பாடு வேறு.

அந்த நேரத்தில் அங்கே வண்டி ஓட்டுபவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக வருகிறவர்கள் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், பாதுகாவல் ஊழியர், துப்புரவுப் பணியாளர், லோயாங் தொழிற்பேட்டையின் தொழில்நுட்பர் ஆகியோரில் பலர் மோட்டார்சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் ஜோகூர்த் தமிழர்கள். மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் வட்டாரங்களில் விடியுமுன் எழுந்து, கடற்பாலத்து நெரிசலில் நின்று நகர்ந்து, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மேலும் 30 கிலோமீட்டர் அளவு ஓட்டிவந்து வேலையில் நிற்பவர்கள். பெரும்பாலும் சிறிய கப்சாய் வண்டி. வேலை முடிந்து திரும்பும்போது கண்ணில் தூக்கம் தொங்கும். இரவு பதினொரு மணிக்குச் சாங்கி வில்லேஜ் உணவங்காடியிலிருந்து நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விரையும் உணவு விநியோக ஊழியரும் இதே பாதைகளில்தான் போகிறார்.

இந்த வளைவுகளின் ஆபத்து பழைய கதை மட்டுமன்று. சாங்கி இன்று தீவின் மிகப் பெரிய கட்டுமானக் களங்களில் ஒன்று. ஐந்தாம் முனையத்தின் கட்டுமானத் தொடக்க விழா 2025 மே மாதம் நடந்தது. குறுக்குத் தீவு ரயில்பாதையின் முதற்கட்டப் பணிகள் 2023இல் தொடங்கின. லோயாங் அவென்யூவை ஒட்டி மேம்பாலச் சாலை எழும்புகிறது. மூன்றாவது ஓடுபாதைக்காகக் கரையோரச் சாலையின் போக்கே மாற்றப்பட்டது. நாட்டின் எதிர்காலத்துக்கான பணிகள் இவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய பணி நடக்கும் இடங்களில் சாலைத்தடம் தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது, திருப்பப்படுகிறது. நேராக இருந்த தடம் திடீரென்று இடப்புறம் ஒடிந்து, மறைப்புத் தகரத்தை ஒட்டி வலப்புறம் திரும்புகிறது. ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் அந்தத் தகரம், வளைவின் உட்புறத்தை முழுவதுமாக மூடிவிடுகிறது. அதன் அடியில் டிப்பர் லாரிச் சக்கரங்கள் கொண்டுவந்து உதிர்த்த மண். தோண்டிய பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, மழையில் சோப்புக்கட்டியாக வழுக்குகிறது. பழைய வளைவையாவது தினமும் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம். பணித்தள வளைவு இடம் மாறிக்கொண்டே இருப்பது. பழக்கம் அங்கே கைகொடுக்காது.

காரில் போகிறவருக்கும் இதே வளைவுதானே, இருசக்கர வாகனத்துக்கு மட்டும் என்ன தனி ஆபத்து என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆபத்தைக் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அந்த ஒன்றரை வினாடியில் 21 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் சராசரி ஓட்டுநர் ஒருவர் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 16 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். ஈரச் சாலையில் அது 45 மீட்டராகிவிடும். மணிக்கு 70 என்றால் உலர்ந்த சாலையிலேயே 61 மீட்டர். இப்போது தகர மறைப்பை ஒட்டிய ஒரு வளைவை எண்ணிப் பாருங்கள். 20 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் நிற்கும் லாரியைக் கண்டு மோதாமல் நிறுத்தக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். வேகவரம்புப் பலகையோ 50 என்று சொல்லக்கூடும். சட்டப்படி சரியாக ஓட்டிக்கொண்டிருப்பவரும் மோதியே தீரவேண்டிய இடம் அது. இதுவரை சொன்னது காருக்கும் பொருந்தும்.

அடுத்துச் சொல்வது மோட்டார்சைக்கிளுக்கே உரியது. வளைவில் வண்டி சாய்ந்தாக வேண்டும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சாய்வு ஏறத்தாழ 28 டிகிரி. டயருக்குச் சாலையின்மீது உள்ள பிடிமானத்தில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடுகிறது. பிரேக்குக்கு மிஞ்சுவது சொற்பம். மழை பெய்திருந்தால் அந்தச் சொற்பமும் இல்லை. லாரியைக் கண்டு பதறி முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி காலடியிலிருந்து உருவிக்கொண்டு போகும். பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் ஏபிஎஸ் கிடையாது. பிரேக்கைத் தொடாமல் வண்டியை நிமிர்த்தினாலோ அது நேரே எதிர்த்தடத்துக்கோ சாலைக்கு வெளியிலோ போகும். கார் ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டுக் கடவுளை நம்பலாம். அவருக்கு நான்கு சக்கரமும் இரும்புக் கூடும் காற்றுப்பையும் இருக்கின்றன. மோட்டார்சைக்கிளோட்டிக்கு வளைவில் நுழைந்த பிறகு திருத்திக்கொள்ள ஏறக்குறைய வழியே இல்லை. எல்லாம் நுழையும் முன்னரே முடிவாகிவிடுகிறது. நுழையும் முன் அவருக்கு என்ன தெரிந்தது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள ஒரே கேள்வி.

இந்தக் கேள்வியைத்தான் நம் முறைமை கேட்பதில்லை.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2005 முதல் விபத்து மிகுந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்யும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. ஓரிடத்தில் சில ஆண்டுகளில் எத்தனை விபத்துகள் நேர்ந்தன என்று எண்ணி, அதிகமிருந்தால் அந்த இடத்தைக் கரும்புள்ளியாகக் குறித்து, சாலை அமைப்பையோ சமிக்ஞையையோ மாற்றுவார்கள். பரபரப்பான சாலைச் சந்திப்புகளுக்கு இது நல்ல வழி. பல சந்திப்புகள் இதனால் பாதுகாப்பானவையாக மாறின. ஆனால் ஆளரவம் குறைந்த ஒதுக்குப்புற வளைவுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் சந்திப்பில் எண்ணிக்கை விரைவில் நிறைந்துவிடும். நூற்றுக்கணக்கில் வண்டி போகும் நெதராவன் சாலை போன்ற இடத்திலோ, லிம் சூ காங், நியோ தியூ சாலைகள் போன்ற நாட்டுப்புறப் பகுதியிலோ ஒரு வளைவு எவ்வளவு கொடியதாக இருந்தாலும் கணக்கு நிறைய ஆண்டுகள் பிடிக்கும். நிறையாமலே போகலாம். இன்று இங்கே ஒருவர், ஈராண்டு கழித்து அங்கே ஒருவர் என்று சிதறி விழும் உயிர்கள் எந்தப் பட்டியலிலும் ஓரிடத்தில் சேர்வதில்லை. பணித்தள வளைவின் நிலை இன்னும் மோசம். விபத்துகளைத் தொகுத்து ஆராய்வதற்குள் அந்தத் தடமே இருக்காது.

புதிய சாலைத் திட்டங்களின் வடிவமைப்பைக் கட்டுமுன்னரே பாதுகாப்பு நோக்கில் ஆராயும் நடைமுறையும் ஆணையத்திடம் 1998 முதல் இருக்கிறது. அதாவது, ஆபத்தை முன்கூட்டியே பார்க்கத் தெரியாத நாடு அல்ல இது. அந்தப் பார்வையைப் பழைய சிறு சாலைகளுக்கும் தற்காலிகத் தடங்களுக்கும் இருசக்கர வாகனத்தின் இருக்கை உயரத்திலிருந்து முழுமையாக நீட்டவேண்டும் என்பதுதான் நாம் வைக்கும் கோரிக்கை. இறந்தவர்களை எண்ணிப் பட்டியல் போடுவதை விட்டு, எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து பட்டியல் போடுங்கள். பார்வைத் தூரத்தை அளக்க ஒரு நாடாவும் இரண்டு ஆட்களும் போதும். எந்த உயிரும் அதற்கு விலையாக வேண்டியதில்லை.

மனம் வைத்தால் சாலையின் குணத்தையே மாற்றமுடியும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. கார்களோடு மோட்டார்சைக்கிள்களும் ஓடின. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் சுற்றில் ஒரு வளைவுக்குப் ‘பேய் வளைவு’ என்றே பெயர். அந்தச் சுற்று ஏழு பேரைப் பலிகொண்டது. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாவு நேர்ந்தபின் பந்தயம் கைவிடப்பட்டது. ஆபத்தை ஒப்புக்கொண்டு, புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்றையே நிறுத்தும் துணிவு அன்று இருந்தது. பந்தயம் போனாலும் சாலை அப்படியே இருந்தது. வளைவுகளில் தங்கள் திறமையைச் சோதிக்கும் ஓட்டிகள் பல பத்தாண்டுகள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு 2019இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்ட வேளையில், பழைய அப்பர் தாம்சன் சாலை ஒற்றைத் தடமாகச் சுருக்கப்பட்டது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. அருகிவரும் ராஃபிள்ஸ் கருங்குரங்குகளும் மற்ற விலங்குகளும் வண்டியில் அடிபட்டுச் சாகக்கூடாது என்பதே நோக்கம். பாராட்டத்தக்க செயல். ஒரு குரங்கினத்துக்காகச் சாலையைத் திருத்திய நாடு, வேலைக்குப் போகும் மனிதருக்காகவும் திருத்தலாம்.

முதியோருக்காகவும் திருத்தியிருக்கிறோம். 2014 முதல் குடியிருப்பு வட்டாரங்களில் ‘வெள்ளி வட்டாரங்கள்’ அமைக்கப்பட்டு, சாலை குறுக்கப்பட்டு, வேகவரம்பு குறைக்கப்பட்டது. ‘மெதுவாகப் போங்கள்’ என்று பலகை வைத்ததோடு நிற்காமல், மெதுவாகப் போகும்படி சாலையின் வடிவத்தையே மாற்றினார்கள். சாவில் 60 விழுக்காட்டைச் சுமக்கும் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்று அப்படியொரு வட்டாரம் ஏன் இல்லை?

வெளிநாடுகளில் இதைப் பெரிய செலவில்லாமல் செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுச் சாலைகளில், வளைவுக்குச் சற்று முன்னதாகத் தரையில் வாயில்போல் வெள்ளைக் கோடுகள் வரைந்து சில ஆண்டுகளுக்கு முன் சோதித்தார்கள். அந்த வாயிலுக்குள் புகுந்து போகவேண்டும் என்ற உந்துதலிலேயே ஓட்டிகளின் வேகமும் தடத்தில் நிற்கும் இடமும் பிரேக் பிடிக்கும் விதமும் மேம்பட்டன. ஆஸ்திரியாவில் வேறோர் உத்தி. வளைவில் எதிர்த்தடத்தை நோக்கிச் சாயும்போது வண்டியின் சக்கரம் தன் தடத்தில் இருந்தாலும் ஓட்டியின் தலை மையக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குள் நீண்டுவிடும். எதிரே வரும் பேருந்து அந்தத் தலையில்தான் மோதும். அதைத் தடுக்க மையக்கோட்டை ஒட்டி வட்ட வட்டமாகக் குறிகள் வரைந்தார்கள்; ஓட்டிகள் தாமாகவே விலகிச் சென்றனர். இரண்டுக்கும் தேவைப்பட்டது வெறும் வண்ணப்பூச்சு.

சாலையோர இரும்புத் தடுப்பு இன்னொரு செய்தி. கார் பள்ளத்தில் உருண்டுவிடாமல் தடுப்பதற்காக வகுக்கப்பட்டது அது. கீழே விழுந்து தரையோடு தரையாகச் சறுக்கிவரும் மனிதரை அது தடுப்பதில்லை. அடியிலுள்ள தூண் அவரை வெட்டிவிடுகிறது. பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வளைவுகளில் தடுப்பின் கீழே இன்னொரு தகடு பொருத்தத் தொடங்கின. விழுந்தவர் தூணில் மோதாமல் தகட்டை உரசி வேகம் குறைந்து நிற்பார். நம் ஒதுக்குப்புற வளைவுகள் அனைத்துக்கும் இது வரவேண்டும்.

தனித்தடம் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மலேசியா 1970களிலேயே ஃபெடரல் நெடுஞ்சாலையை ஒட்டி மோட்டார்சைக்கிளுக்கென்று தனித்தடம் அமைத்தது. உலகுக்கே முன்னோடி அது. ஆனால் பாலங்களின் அடியில் அந்தத் தடம் குறுகி இருண்டு திரும்பும் இடங்கள் ஓட்டிகளுக்குப் புதிய கண்ணியாயின. பார்வைத் தூரத்தைக் கவனிக்காத எந்த ஏற்பாடும் அரைகுறைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சாங்கியின் மரங்களை என்ன செய்வது? 1991 முதல் சாங்கியின் ஒரு பகுதி மரப் பாதுகாப்பு வட்டாரம். ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டமுடியாது. அந்த விதி இருக்கவேண்டும் என்பதே நம் கருத்தும். இங்கே குற்றவாளி நூறாண்டு மரம் அல்ல. பார்வையை மறைப்பது பெரும்பாலும் அடிமரம் அல்ல; அதைச் சுற்றி இடுப்புயரத்துக்கும் தலையுயரத்துக்கும் வளர்ந்து நிற்கும் புதரும் வேலிச்செடியும் தாழ்ந்து தொங்கும் கிளையும்தான். மோட்டார்சைக்கிளில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கீழும் சற்று மேலும் உள்ள பசுமையை வளைவின் உட்புறத்தில் ஒழுங்காகக் கத்தரித்து வைத்தாலே பார்வை நீளும். அப்படியும் நீளாத இடத்தில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மரத்தைக் காக்க அதுவே வழி. மனிதரைக் காக்கவும் அதுவே வழி.

ஆகவே அதிகாரிகளிடம் நாம் கேட்பது இவை. சாங்கி, லோயாங், லிம் சூ காங், மண்டாய், சவுத் புவன விஸ்தா போன்ற வளைவு மிகுந்த சாலைகளை ஒருமுறை முழுமையாக அளந்து, ஒவ்வொரு வளைவிலும் தெரியும் தூரத்தையும் அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் வேகத்தையும் வெளியிடுங்கள். பலகையிலுள்ள வேகம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பலகையை மாற்றுங்கள். அளக்கும் குழுவில் தினமும் வண்டி ஓட்டும் மோட்டார்சைக்கிளோட்டி ஒருவராவது இருக்கட்டும். காரின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இலைச்சருகும் மணலும் கண்ணில் படாது. கட்டுமானக் குத்தகையாளருக்கான விதிகளில், வளைவின் உட்புறத்தில் மறைப்புத் தகரம் சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், எந்த இடத்தில் தகரத்துக்குப் பதில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய வலையைக் கட்டவேண்டும் என்பது மீட்டர் கணக்கில் எழுதப்படட்டும். இரும்புத் தகட்டுக்குச் சொரசொரப்பான பூச்சு கட்டாயமாகட்டும். தடம் மாற்றிய நாளன்றே, மழையிலும் இருட்டிலும் ஒருவர் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்துச் சான்று அளித்த பிறகே போக்குவரத்தைத் திறந்துவிடட்டும். வாய்ப்பான இடங்களில் குவியாடி வையுங்கள். ஆனால் ஆடி வைத்ததோடு கடமை முடிந்தது என்று கைகழுவ வேண்டாம். மழைத்துளி படிந்த ஆடியில் இரவில் ஒன்றும் தெரியாது.

முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பின்னிரவில் பணிமுறை முடித்து வெளியே வரும் ஊழியர் அரைத்தூக்கத்தில் வண்டி ஏறுகிறார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாததன்று. அரை மணி நேர ஓய்வறையும், விமான நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ்வரை ஒரு நிறுவனப் பேருந்தும் பெரிய செலவல்ல. 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள இணையத்தள ஊழியர்களுக்கான சட்டத்தின்படி, விநியோக ஊழியருக்கு வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு கிடைக்கிறது. விபத்துக்குப் பிறகு பணம் கொடுக்க ஒப்புக்கொண்ட நிறுவனங்கள், விபத்துக்கு முன்னர் நிமிடக் கணக்கில் ஊழியரை விரட்டாமல் இருக்கவும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

வண்டி ஓட்டும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலை திருந்தும்வரை உயிர் உங்கள் கையில்தான் இருக்கிறது. தெரியும் தூரத்துக்குள் நிறுத்தமுடிகிற வேகத்திலேயே வளைவுக்குள் நுழையுங்கள். பிரிட்டிஷ் போலிசாருக்கான பயிற்சி நூல் இதற்கு எளிய வழி ஒன்றைக் கற்றுத்தருகிறது. சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். அந்த இடம் உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் வேகம் சரி. விலகி ஓடினால் வளைவு விரிகிறது. பிரேக் பிடிக்கும் வேலையை வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வலப்புறம் திரும்பும் வளைவில் மையக்கோட்டை விட்டு விலகி இடப்பக்கம் நில்லுங்கள். எந்த இடத்துக்குப் போகவேண்டுமோ அங்கே பாருங்கள். லாரியையே பார்த்தால் வண்டி லாரியிடமே போகும். பின்னால் மனைவியோ நண்பரோ அமர்ந்திருந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும் என்பதை மறக்கவேண்டாம்.

இது சாங்கியோடு முடியும் பாடமல்ல. வார இறுதியில் கூட்டமாகக் கிளம்பிக் கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போகிறவர்கள் நம் இளைஞர்களில் பலர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. வளைவுக்கு அப்பால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் போகும் நண்பர் வேகம் குறைக்கவில்லை என்பதற்காகத் தானும் குறைக்காமல் வளைவில் நுழைவது நட்பு ஆகாது. விடுமுறைக்குத் தமிழ்நாடு போய், வாடகைக்கு வண்டி எடுத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2023இல் மட்டும் சாலை விபத்துகளில் 18,347 பேர் மாண்டார்கள். அங்குள்ள மலை வளைவுகளில் ‘ஒலி எழுப்புக’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஒலி எழுப்பாமல் ஏறி வருபவரை எதிரே வருகிறவர் எதிர்பார்க்கமாட்டார். சிங்கப்பூர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக்கூடாது. அங்கத்தியப் பழக்கத்தில் இங்கே முந்தவும் கூடாது.

வாசகர்களும் சும்மா இருக்கவேண்டியதில்லை. பார்வையை மறைக்கும் புதர், சரிந்த மறைப்புத் தகரம், சாலையில் சிதறிய மண் எதுவானாலும் ஒன்சர்விஸ் செயலியில் புகார் அளிக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். ஒரே வளைவைப் பற்றி இருபது பேர் எழுதினால் அது அதிகாரியின் மேசையில் ஓர் எண்ணிக்கையாக நிற்கும். எண்ணிக்கைதான் முறைமைக்குப் புரிகிற மொழி என்றால், அது சாவின் எண்ணிக்கையாக இருக்கவேண்டாம். புகாரின் எண்ணிக்கையாக இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை கொட்டித் தீர்க்கிறது. சாங்கியின் வளைவுகளை அளந்து முடிப்பது சில வாரங்களில் ஆகக்கூடிய வேலை. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த அளவீட்டை முடித்து, முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதாக நிலப் போக்குவரத்து ஆணையமும் போக்குவரத்துப் போலிசும் அறிவிக்கவேண்டும். அறிவிக்க முடியாதென்றால் அதற்கான காரணத்தையாவது நாடாளுமன்றத்தில் சொல்லவேண்டும். எந்த வளைவு ஆபத்தானது என்பதை அங்கே தினமும் ஓட்டுகிற தொழிலாளி இன்றே விரல் நீட்டிக் காட்டுவார். அவரிடம் கேட்காமல், அவர் விழுந்த பிறகு கோடு போட்டு அளப்பதை இனியும் சாலைப் பாதுகாப்பு என்று அழைக்கமுடியாது.